எண்ணாதவர்களின் பறவை

விழுப்புரத்தில் சென்ற மாதம் நடந்த கவிதைக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் – பெயர் வேண்டாம், இந்தப் பக்கங்களைப் படிக்கிற இருநூறு பேருக்கும் அவரைத் தெரியும் – பறவைகளை எண்ணுகிறவர்களைப் பரிகசித்தார். எண் விழுந்த இடத்தில் பறவை செத்துவிடுகிறதாம். கை தட்டினார்கள். தட்டியவர்களில் எத்தனை பேர் திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணம் போய், கழுவெளிச் சேற்றில் கால் வைத்தவர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதன் பிறகு நம் கவிதைகளிலும் பூநாரை இறங்கியிருக்கிறது. பூநாரை மட்டும்தான். சேற்று நிறத்தில் சேற்றிலேயே ஓடுகிற, கைக்குள் அடங்கிவிடுகிற கொசு உள்ளான் எந்தக் கவிதையிலும் இல்லை. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் அதற்கு ஒரு வரி உண்டு. பூநாரைக்கும் ஒரே ஒரு வரிதான்.

எண்ணுவது என்றால் என்ன என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பரிகசிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேர் ஒரே கூட்டத்தை எண்ணுவார்கள், தாளை ஒருவருக்கொருவர் காட்டாமல். இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல், அதிலிருந்தே இருவர் கண்ணுக்கும் தப்பியது எவ்வளவு இருக்கும் என்று கணிப்பதுதான் புள்ளியியல். 2002இல் டாரில் மெக்கன்சியும் கூட்டாளிகளும் மேரிலாந்தின் ஈரநிலங்களில் தேரை, தவளைகளின் குரலை வைத்துச் செய்து காட்டியதும் இதுதான்: கேட்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. ஒரு நடையில் கண்ணில் படும் வாய்ப்பு பாதி என்றால், பறவை அங்கேயே இருந்தும் மூன்று நடையிலும் நமக்குத் தப்பிவிட எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தன் குருட்டுத்தனத்துக்கு இப்படி அளவு சொல்லுகிற அடக்கம் நம் விமர்சகர்களில் யாரிடம் இருக்கிறது?

உருவகம் உயிர் கொடுக்கும், எண் கொல்லும் என்கிறவர்களுக்குக் குளவி ஒன்றைக் காட்டுகிறேன். பெங்களூரில் ராகவேந்திர கடக்கரும் என். வி. ஜோஷியும் 1983இல் வெளியிட்ட ஆய்வு. கூட்டிலிருந்த ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டு வைத்து, அது உட்கார்ந்திருந்த நேரம், உணர்கொம்பைத் தூக்கி உட்கார்ந்திருந்த நேரம், நடந்த நேரம், அறைகளுக்குள் தலையை விட்டிருந்த நேரம் என்று குறித்தார்கள். கூட்டில் இல்லாமலிருந்த நேரத்தையும் ஒரு நடத்தையாகவே எழுதிக்கொண்டார்கள். (இல்லாமையை நடத்தையாக எழுதத் தோன்றியவர்களையா கவித்துவம் அற்றவர்கள் என்கிறோம்?) கணக்கில் போட்டபோது குளவிகள் மூன்று கும்பலாகப் பிரிந்தன: உட்காருகிறவை, சண்டையிடுகிறவை, இரை தேடப் போகிறவை. ராணி சண்டைக்காரர்களிடையே இல்லை. உட்காருகிறவர்களோடு சாதுவாக இருந்தது. ‘ராணி’ என்பது நாம் கொடுத்த உருவகம். அதை நம்பியவன் அங்கே ஒரு கொடுங்கோலியைத்தான் பார்த்திருப்பான். எண்ணியவனுக்குத்தான் குளவி தெரிந்தது.

எண் எல்லாமே யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் காகிதத்தில் புலிகள் இருந்தன. 2005 தொடக்கத்தில் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். காலடித் தடத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது இன்ன புலி என்று சொல்லிவிடுகிற தேர்ந்த கண்! அதற்குப் பிழையின் அளவு கிடையாது, சரிபார்க்க வழி கிடையாது. அதாவது ரசனை. நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே காமிராக்களை வைத்து, வரிகளால் புலியை அடையாளம் கண்டு, எடுத்ததே எத்தனை முறை திரும்ப விழுகிறது என்பதிலிருந்து படத்தில் விழாத புலிகளைக் கணித்துக்கொண்டிருந்தார். தேர்ந்த கண்கள் அதன் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் தடம் பார்த்துக்கொண்டிருந்தன.

அதே கூட்டத்தில்தான் நண்பர் இன்னொன்றும் சொன்னார்: ‘திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பத்து வருஷமாகக் கவிஞன் என்று ஒருவனும் வரவில்லை.’ அதற்கும் கை தட்டினார்கள். தட்டிய கும்பலில், அவர் இல்லை என்ற ஊர்களில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிற இரண்டு பையன்கள் இருந்தார்கள். எத்தனை முறை பார்த்தீர்கள், ஐயா? எந்தப் பத்திரிகைகளில்? சென்னையில் உங்கள் மேஜைக்குத் தபாலில் வந்து சேர்ந்தவை தவிர வேறு எதை? அங்கே ஒருவன் எழுதினால் அது உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு பாதியா, பத்தில் ஒன்றா, அதுவும் இல்லையா?

ஜனவரியில் கணக்கெடுப்பு வரும். திண்டிவனத்தில் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறேன். தொலைநோக்கி நான் கொண்டுவருகிறேன். நண்பர் ஒரு பென்சிலும், தமக்குத் தெரியாததை எழுத ஒரு தாளும் எடுத்து வரட்டும்.