மூங்கில் பூத்தது, மூண்டது போர்!

ஆனைக்குட்டத்து மக்களுக்கு வெடிமருந்தின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விபத்து நேர்ந்தால், விவரமறிந்தோர் மருந்தைத் திட்டுவதில்லை. உராய்வு எங்கே நேர்ந்தது என்றே கேட்பர். அரசியலிலோ அக்கேள்வியைக் கேட்பார் அரிது!

மிசோ மலைநாட்டைப் பாருங்கள், தோழர்களே! 1959-இல் அங்கே மூங்கில் பூத்தது. அதன் வித்தைத் தின்று எலிகள் பெருகின, எலிகள் விளைச்சலை விழுங்கின, பஞ்சம் பரவிற்று. வரப்போகும் கேட்டினை மலைமக்கள் முன்னரே எச்சரித்தனர். செவிமடுத்ததா அன்றைய அசாம் அரசு? இல்லை. 1960-இல் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தது! சோறு கேட்டவனுக்கு, அவன் பேசாத மொழி பரிசாயிற்று!

பஞ்சம் போக்க எழுந்த அமைப்பே 1961-இல், லால்டெங்கா தலைமையில், மிசோ தேசிய முன்னணியாக மாறிற்று. 1966 மார்ச் 1-இல் தனிநாட்டு முழக்கத்தோடு ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 5-இல் அய்சால் நகர்மீது இந்திய விமானப்படை தாக்குதல் நடத்திற்று. சொந்தக் குடிமக்கள்மீதே குண்டு! அடுத்த ஆண்டு முதல் ஊர் ஊராக மக்களைப் பெயர்த்துக் காவல் வேலிக்குள் அடைத்தனர்.

இருபதாண்டுகள் இரத்தம் சிந்தியபின், 1986 ஜூன் 30-இல் உடன்பாடு கண்டனர். 1987 பிப்ரவரி 20-இல் மிசோரம் மாநிலமாயிற்று. காட்டில் திரிந்த லால்டெங்கா முதலமைச்சரானார்.

"பார்த்தீரா, துப்பாக்கி வென்றது!" என்பார் உளர். துப்பாக்கி கேட்டது தனிநாடு, அது கிட்டவில்லை. கிட்டிய மாநிலமோ பேச்சுமேடையில் பிறந்தது. எனினும், துப்பாக்கியின்றித் தில்லி செவிசாய்த்திருக்குமா என்று கேட்பின், அக்கேள்வி கிளர்ச்சியாளர்க்குப் பெருமையன்று, தில்லிக்குத் தலைகுனிவு!

தொலைவிலுள்ள பொலிவியாவிலும் இதே பாடந்தான். அய்மாராப் பழங்குடியினரின் செம்போர்வைப் படை, புறக்கணிப்பில் விளைந்த சினத்தின் வடிவம். 2003 அக்டோபர் எழுச்சியில் குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டே ஓடினார். ஆனால் அய்மாரா மைந்தர் ஏவோ மொராலெசை 2006-இல் அப்பதவியில் அமர்த்தியது வாக்குச்சீட்டே.

நெஞ்சில் நிறுத்தவேண்டியது இன்னொன்று. 2007-ஐ ஒட்டி மிசோரத்தில் மூங்கில் மீண்டும் பூத்தது. எலிகள் வந்தன, பற்றாக்குறையும் வந்தது, படை மட்டும் எழவில்லை. ஏன்? அப்போது முதலமைச்சராயிருந்தவர், முன்பு அதே கிளர்ச்சியில் லால்டெங்காவுக்குத் துணைநின்ற சோரம்தங்கா. எலிவாலுக்கு விலை தந்து எலிவேட்டை நடத்திற்று அவரது அரசு. மக்கள் முறையிட, அவர்கள் மொழியறிந்த ஆட்சி அருகிலேயே இருந்தது.

அதே மூங்கில், அதே எலி, அதே மலை. மாறியது ஆட்சியின் செவி ஒன்றே! பட்டினிக் குரலைக் கேளாத ஆட்சி, பின்னர்த் துப்பாக்கி ஒலியைக் கேட்டே தீரவேண்டும்.