ஏவலா, வியங்கோளா?

முடிச்சூரில் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மீனம்பாக்கத்தை நோக்கித் தாழும் விமானங்களைக் காணலாம். 1995 டிசம்பர் 21 அன்று அங்கே இறங்கிய ஓர் ஆன்டனோவ்-26ஐ நம்மில் எவரும் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டோம். புக்கெட்டிலிருந்து வந்து, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கராச்சியை நோக்கிக் கிளம்பிய அதை மும்பையில் தரையிறக்கினார்கள். நான்கு நாட்களுக்கு முன்னர், டிசம்பர் 17 இரவில், மேற்கு வங்கத்தின் புருலியா கிராமங்களின்மீது நூற்றுக்கணக்கான ஏ.கே. ரகத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் பாராசூட்டில் பொழிந்த விமானம் அதுதான். தேடப்படும் கிம் டேவி மும்பையிலேயே நழுவினார். அவரை ஒப்படைக்க இயலாதென 2024இலும் டென்மார்க் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அந்தத் துப்பாக்கிகள் வானத்தில் விளைந்தவை அல்ல. பல்கேரியாவில் வாங்கப்பட்டவை. வங்கதேசத்தின் பெயரிலான ஒரு 'இறுதிப் பயனர் சான்றிதழ்' போதுமானதாக இருந்தது. கள்ளச்சந்தை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நல்ல சந்தையின் கொல்லைப்புறம்தான்.

இதைத் தடுக்க உலகம் என்ன செய்தது? 2001இல் ஐ.நா. சிற்றாயுதச் செயல்திட்டம் ஒன்றை ஏற்றது. அது எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அரசல்லாத குழுக்களுக்கு ஆயுதம் வழங்கலாகாது என்ற வாசகத்தை அமெரிக்கா எதிர்த்தது; வாசகம் வெளியேறியது. 2013 ஏப்ரல் 2 அன்று ஆயுத வணிக ஒப்பந்தம் 154 வாக்குகளுடன் நிறைவேறியது. ஆயுதங்கள் ஒரு நாட்டைக் கடந்து செல்வதை 'தேவையும் சாத்தியமும் உள்ள இடத்து' ஒழுங்குபடுத்தவேண்டும் என்கிறது அது. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. ஏவல் வரவேண்டிய இடத்தில் வியங்கோளை வைத்து, அதற்கும் ஒரு நிபந்தனை எச்சத்தை மாட்டுகிறார்கள். தேவையா, சாத்தியமா என்பதை யார் முடிவுசெய்வது? கதவைத் திறந்துவைத்திருப்பவரே.

அன்று வாக்களிக்காமல் விலகிய 23 நாடுகளில் இந்தியாவும் உண்டு. 2009 வரை போரில் எரிந்த இலங்கையும் உண்டு. ஒப்பந்தம் பயங்கரவாதிகளையும் அரசல்லாதவர்களையும் பற்றி வலுவின்றிப் பேசுகிறது, ஏற்றுமதி நாடுகளின் பக்கம் சாய்கிறது என்பது டில்லியின் வாதம். வாதம் சரிதான், புருலியாவே சாட்சி. ஆனால் அதிலிருந்து பெறப்பட்ட முடிவு தவறு. 2014 டிசம்பர் 24இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் ஆறு ஆண்டுகள் கழிந்தபின் திருத்தம் முன்மொழியலாம். அந்த உரிமை உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே. கதவு திறந்து ஆண்டுகள் பலவாகின்றன. நாமோ வாசலுக்கு வெளியே நின்று, வீட்டுக்குள் ஒழுங்கில்லை என்று குறைசொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'ராஜதந்திரம் நம் துறையல்ல' என்று இலக்கிய நண்பர்கள் சொல்லக்கூடும். ஒற்றை வினைமுற்றில் மனித உயிர் தொங்கும் பிரதியை வாசிப்பது நம் துறையல்லாமல் வேறு யாருடையது? புருலியாவின் வயல்களில் அந்தப் பெட்டிகளை முதலில் கண்டவர்கள் தூதர்கள் அல்லர், கிராமத்தார். அவர்கள் சார்பில் டில்லியிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: உள்ளே போய், அந்த வியங்கோளை ஏவலாக்குங்கள்.