ஊருக்குப் போகும் பை

பொங்கல் விழா முடிந்து சங்க அரங்கின் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர், "அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன் சார். கையோடு கொண்டுபோக உறுதியான பை ஒன்று வேண்டும். எதை வாங்கலாம்?" என்று கேட்டார். சுற்றி நின்ற ஐந்து பேரும் ஐந்து கம்பெனிகளின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் ஐந்து வருட உத்தரவாதம் உள்ளதைத்தான் வாங்கவேண்டும் என்றார். இன்னொருவர் தள்ளுபடி விற்பனை வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. நான் சொல்ல நினைத்தது ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். கம்பெனிப் பெயரையும் உத்தரவாதச் சீட்டையும் நம்பிப் பை வாங்காதீர்கள். நிரப்பிய பிறகு அதை நாமே தூக்க முடிகிறதா, கெட்டுப்போனால் தெருமுனையில் உட்கார்ந்திருப்பவரால் அதைச் சரிசெய்ய முடிகிறதா என்ற இரண்டையும் பாருங்கள்.

1983-ல் நான் ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஹோல்டாலும் இருந்தன. டிரங்குப் பெட்டி இன்றும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்குள் கொலு பொம்மைகள் உறங்குகின்றன. உறுதி என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் சிவப்புச் சட்டைக்காரர் வந்தால்தான் அது பிளாட்பாரத்தைவிட்டு நகரும். அந்தக் காலத்தில் அது பொருந்தியது. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். இப்போது அப்படியா? நடு இரவில் தொலைபேசி மணி அடிக்கிறது. விடிவதற்குள் கிளம்பவேண்டும். ஊரைவிட்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பவனுக்குப் பை என்பது அந்த மணிக்காகத்தான்.

எனக்கு அந்த மணி 2018 டிசம்பரில் அடித்தது. கும்பகோணத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் துணையில்லாமல் எழுந்து நடக்க முடியாது. அந்தத் தீபாவளிக்குத்தான் தள்ளுபடியில் ஒரு நான்கு சக்கரப் பெட்டி வாங்கியிருந்தேன். கடையின் பளிங்குத் தரையில் ஒற்றை விரலால் தள்ளினால் ஓடியது. சென்னை விமான நிலையத்திலும் ஓடியது. திரிசூலத்தில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கியதும் ஒரு சக்கரம் கழன்று தண்டவாளப் பக்கம் உருண்டது. மேம்பாலப் படிக்கட்டில் பாதி ஏறும்போது மேல் கைப்பிடியும் கையோடு வந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்போது வயது ஐம்பத்தெட்டு. இடுப்பில் 'சுளீர்' என்றது.

வீடு போய்ச் சேர்ந்தபோது என்னை இரண்டு பேர் பிடித்து இறக்கவேண்டியிருந்தது. அப்பா படுத்தபடியே, "என்னைப் பார்த்துக்க வந்தியா, இல்ல நான் உன்னைப் பார்த்துக்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பத்து நாளும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: மாலையில் கைத்தாங்கலாகத் திண்ணைவரை கூட்டிக்கொண்டு போகவேண்டும். என்னால் முடியவில்லை. அடுத்த வீட்டுப் பையன்தான் கூட்டிப்போனான். நான் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த தை மாதம் அப்பா போய்விட்டார். பெட்டிக்கு உத்தரவாதச் சீட்டு இருந்தது. பின்னர் எடுத்துப் படித்தேன். தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பு, உபயோகத்தால் வரும் தேய்மானத்துக்கு இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அதன்பிறகு பை வாங்குவதில் கொஞ்சம் கவனம் வந்தது. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எடை. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் கையோடு கொண்டுபோகப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. அளவு 55 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம், 25 கனம். சக்கரமும் இழுகம்பியும் உள்ள சின்னப் பெட்டியே காலியாக இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். முதுகுப் பை ஒரு கிலோ சொச்சம்தான். அதாவது சக்கரத்துக்காக இரண்டு கிலோ சாமானை நாம் விட்டுக்கொடுக்கிறோம். ரயிலில் படுக்கை வகுப்புக்கு 40 கிலோவரை கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் ரயில்வே அனுமதிக்கிறதே என்று நம் முதுகு அனுமதிக்காது.

அடுத்து துணி. சீட்டில் 600, 1000, 1680 என்று 'டெனியர்' கணக்குப் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. எண் பெரிதாக இருந்தால் நூல் தடிமன் என்று அர்த்தம். உறுதிக்கு அது மட்டும் சாட்சியாகாது. உராய்வைத் தாங்குவதில் பாலியஸ்டரைவிட நைலான் மேல். பையின் உட்புறம் தண்ணீர் புகாமலிருக்கப் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் பிசுபிசுத்து உதிரும். ஆகவே பையைப் பாலிதீனில் சுற்றிப் பரணில் போடாதீர்கள். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்துக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். தோல்போல மினுக்கும் போலிச் சரக்கும் இப்படித்தான் உரியும்.

மூன்றாவது ஜிப். பெரும்பாலான பைகள் முதலில் சாவது இங்கேதான். ரன்னரின் பின்புறம் பார்த்தால் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். பெரிய வாய்க்கு 8 அல்லது 10 இருக்கட்டும். 5 என்றால் சின்ன அறைக்குத்தான் சரி.

நான்காவது தையல். பையை உள்ளே வெளியாகத் திருப்பிப் பாருங்கள். தோள் வார் சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து அதன் நடுவே பெருக்கல் குறிபோல் ஓட்டியிருக்கவேண்டும். துணி ஓரங்கள் பிசிறு தெரியாமல் நாடாவால் மூடித் தைக்கப்பட்டிருக்கவேண்டும். சக்கரப் பெட்டியானால் சக்கரம் திருகாணியில் நிற்கிறதா என்று பாருங்கள். திருகாணியைக் கழற்றிப் புதுச் சக்கரம் போடலாம். ரிவெட் அடித்திருந்தால் அது பெரிய வேலை.

இந்த நான்கையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முனிர்க்கா கடைத்தெருவில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். உடைந்த பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, பிளாஸ்டிக்கில் ஊசி எப்படி இறங்கும்? துணியாகக் கொண்டுவாருங்கள், நான் இருக்கும்வரை தைத்துத் தருகிறேன்" என்று இந்தியில் சொன்னார். அவர் சொன்னபடி துணிப் பையாக வாங்கினேன். ஏழு வருஷத்தில் ஒருமுறை ரன்னர் மாற்றினார், ஒருமுறை வாரைத் தைத்தார். அவ்வளவுதான் செலவு.

வாங்கப் போனபோது வீட்டிலிருந்து ஐந்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ துவரம்பருப்பும் எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி, "மளிகைக் கடைக்கா போறீங்க?" என்று கேட்டாள். கடைக்காரரும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். இரண்டையும் பைக்குள் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். மூன்றாவது பைதான் தோளை அறுக்கவில்லை. வெட்கப்படாமல் நீங்களும் செய்யுங்கள்.

முதுகுவலியும் கழுத்துவலியும் உள்ளவர்கள் சக்கரம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் பெரிய இரண்டு சக்கரம் வைத்த துணிப் பெட்டியாகப் பார்த்து வாங்கட்டும். நம் பிளாட்பாரங்களின் மேடுபள்ளத்தில் நான்கு சின்னச் சக்கரங்களைவிட அது நன்றாக ஓடும். அப்போதும் படிக்கட்டு என்று ஒன்று வரும். அங்கே அதைத் தூக்கத்தான் வேண்டும். ஆகவே எடை குறைவாக இருக்கட்டும்.

இன்னொன்று. நம்மவர்கள் போகும்போது பாதிப் பையோடு போய்த் திரும்பும்போது இரண்டு பையோடு வருகிறவர்கள். காபிப் பொடி, அப்பளம், வடகம் எல்லாம் வரும்வழியில் சேரும். அதற்காகப் பெரிய பை வாங்கவேண்டாம். கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பை ஒன்றை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு அதற்கு ஒரு திட்டமே தொடங்கியது. நாம்தான் அதைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிறோம்.

என் பை இப்போது கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இரண்டு வேட்டி, சட்டை, மருந்து, ஊர் வீட்டுச் சாவி உள்ளே இருக்கின்றன. அம்மா அங்கே இருக்கிறாள். வயது எண்பத்து மூன்று.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேட்டையில் பை தைப்பவர், ஜிப் மாற்றுபவர் யாராவது இருந்தால் அவர் உட்காரும் இடத்தை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கலாம். முனிர்க்காப் பெரியவரின் இடத்தை முதல் வரியாக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.