மனை உமது, மேலே வானம் எமது!

கருப்பட்டியால் புகழ்பெற்ற உடன்குடிக்கு இன்று அனல் மின்நிலையத்தாலும் பெயர். 660 மெகாவாட் அலகுகள் இரண்டு! பிறந்த இடத்திலேயே முடங்கிக் கிடக்குமா மின்சாரம்? கோபுரம் ஏறும், கம்பியில் ஓடும், தேரி மணலையும் பனங்காட்டையும் தாண்டிப் பறக்கும். பறக்கட்டும்! எவர் மனைமீது பறக்கப்போகிறது என்பதை, அம்மனையை வாங்குபவரிடம் மறைப்பானேன்?

பனையேறிச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் 5 சென்ட் மனை வாங்க வருகிறார் ஒருவர். பதிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்துகிறார், சான்று கேட்கிறார். ‘வில்லங்கம் இல்லை’ என்கிறது அரசின் முத்திரை! நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார். கடைக்கால் தோண்டும் நாளில் வருகிறார் அதிகாரி: “இங்கே கட்டாதீர், இது கம்பி போகும் பாதை!” 400 கிலோவோல்ட் கம்பிக்கு ஒதுக்கும் பாதையின் அகலம் 46 மீட்டர், ஏறத்தாழ 150 அடி. ஐந்து சென்ட் எந்த மூலைக்கு?

எங்கிருந்து வந்தது இந்த அதிகாரம்? 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து! தந்திக் கம்பம் நட வெள்ளையன் வகுத்த விதியை, மின்கோபுரத்துக்கும் மாட்டிவிட வழிசெய்தது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு. நிலம் உமக்கே, பயன்படுத்தும் உரிமை மட்டும் எமக்கு என்கிறது அவ்விதி. தந்திச் சேவை 2013இல் கண்ணை மூடிற்று. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டத்துக்குப் பாடை கட்டிற்று. ஆயினும் மின்கம்பிக்காக அதன் மூன்றாம் பகுதியை மட்டும் பாடையிலிருந்து இறக்கி உயிரோடு வைத்துக்கொண்டது! என் நாடகத்தில் இப்படியொரு காட்சி வைத்தால், நம்பமுடியாது என்று கொட்டகையே கைகொட்டிச் சிரிக்கும்.

இந்த உரிமைக்குப் பத்திரமில்லை, பதிவில்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் ஒரு வரியும் இல்லை. மின்துறை தீட்டிய வரைபடம் பதிவுத்துறைக்குத் தெரியாதாம்! ஒரே உடலின் இரு கைகள் அல்லவா இவை?

விற்றவர் சொல்லவேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். சாதாரண கவனத்தால் கண்டறிய இயலாத குறையை விற்பவர் சொல்லியே தீரவேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில் பேசுகிறது. பேசி என்ன? தரகர் தரகோடு மறைந்தார். விற்றவர் விலையோடு மறைந்தார். வாங்கியவருக்கு மிஞ்சியது வழக்கு.

‘மின்சாரம் வேண்டாமா?’ என்று மடக்குவோர் உண்டு. வேண்டும் ஐயா, வேண்டும்! கோபுரத்தைச் சாய்க்கச் சொல்லவில்லை. பாதை முடிவான அன்றே அதன் புல எண்களை மின்துறை பதிவு அலுவலகத்துக்கு அனுப்பட்டும். வில்லங்கச் சான்றில் அது ஏறட்டும். ஒரு கடிதம், ஒரு வரி! அதற்கும் மனமில்லையெனில், ‘வில்லங்கம் இல்லை’ எனும் சொல்லுக்குக் கட்டணம் வாங்குவதையேனும் நிறுத்தட்டும்!