ஒரே திண்ணையில் உட்கார்ந்து படிக்கட்டும்
மருத்துவத் துறை மாணவர்களின் கூட்டுக் கல்வி குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், திருப்பாலைக்குடியில் ஒரு வீடு. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறோம். நோன்பு மாதம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு உம்மா, உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கேட்டதற்கும் சொல்வதற்கும் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு பாயில் படுத்திருந்தார். நோன்புக் களைப்பு என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். மாத்திரை கொடுக்க வந்த, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் தன்னார்வலர் பார்த்த உடனே சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டார். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொன்னார். மகள் தயங்கினார். "நோன்பு முறிஞ்சிருமே?" "உயிருக்கு ஆபத்துன்னா விடலாம்னு மார்க்கமே சொல்லுதுல்ல ராத்தா, மொதல்ல கொடுங்க." கொடுத்தார்கள், தெளிந்தார். சில வகைச் சர்க்கரை நோய் மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டு மறுபடி இறங்கக்கூடும் என்பதால் 108-க்கும் சொல்லி அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தோம். சர்க்கரையைக் குறைக்க அரசு தரும் கிளிமிபிரைடு அட்டை ஒன்று. ராமநாதபுரத்தில் தனியாரிடம் காட்டியபோது எழுதித் தந்த வேறு பெயர் மாத்திரை ஒன்று. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் அதுவும் கிளிமிபிரைடுதான். மெட்ஃபார்மின் இரண்டு அட்டை, காகிதத்தில் மடித்த சூரணம், மூட்டு வலி மாத்திரை. "காலை மாத்திரையை விடவே கூடாது" என்று சொன்னதால், விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்தில் இரண்டு கிளிமிபிரைடையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். எழுதித் தந்த மருத்துவர் தவறாக எழுதவில்லை. எடுத்துக் கொடுத்த மருந்தாளுநர் சீட்டில் இருந்ததைத்தான் கொடுத்தார். தன்னார்வலர் மாதாமாதம் ஒழுங்காகத்தான் வந்தார். அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்திருந்தார்கள். ஆனால் ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் யாரும் கற்றுத் தந்ததும் இல்லை.

எங்கள் அமைப்பில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள், மருந்தாளுநர்கள், பள்ளி ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஜமாஅத்திலும் மீனவர் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தவர்கள் என்று பலரும் இருக்கிறோம். எங்கள் நிலைப்பாடு இது: நாளை ஒரே நோயாளியைப் பார்க்கப்போகிற மருத்துவ, செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவ, ஆய்வக, கிராம சுகாதார செவிலியர் மாணவர்கள் தங்கள் படிப்பில் ஒரு பகுதியையாவது சேர்ந்து படிக்க வேண்டும். அதை மருத்துவக் கல்லூரியின் குளிர்சாதன அரங்கில் நடத்தக் கூடாது. இந்தக் கடற்கரை வீடுகளின் திண்ணையில் நடத்த வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லேயே எல்லாச் சுகாதாரப் படிப்புகளுக்கும் பொதுவான பாடப்பகுதி ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் அங்கே மாணவர்களே குழுவாகச் சேர்ந்து நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி வார்டும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1988-லும் பிறகு 2010-லும் இதை வலியுறுத்தி அறிக்கைகள் வெளியிட்டது. 2010 அறிக்கை தரும் விளக்கம் எளிமையானது: இரண்டோ அதற்கு மேலோ துறைகளின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. இதில் நடுவிலிருக்கும் 'ஒருவரிடமிருந்து ஒருவர்' என்பதுதான் நம் ஊருக்குக் கடினம். இரண்டு கல்லூரி மாணவர்களை ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒரு பேராசிரியர் பேசிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் கூட்டம். செவிலியர் மாணவியிடம் ஒரு மருத்துவ மாணவர் சந்தேகம் கேட்டு, அவர் சொன்னதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால்தான் அது கூட்டுக் கல்வி.

நம் மாநிலத்திலேயே இதன் வேர் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கினார்; பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதன் பிறகு, 1918-ல்தான் வந்தது. செவிலியர் முதலில், மருத்துவர் பிறகு என்ற அந்த வரிசை தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. அங்கே மருத்துவ மாணவர்கள் மற்ற துறை மாணவர்களோடு சேர்ந்து கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் மக்கள் வாழ்க்கையைப் பார்த்து வரும் பயிற்சி இன்றும் உண்டு.

அரசு பக்கம் நிலைமை விசித்திரமாக இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை, சித்தா என்று இத்தனை படிப்புக்கும் பட்டம் தருவது ஒரே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். மதுரை மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொண்டால் மருத்துவம், செவிலியம், மருந்தியல் மூன்றும் அதன் கீழேயே நடக்கின்றன. ஒரே கேன்டீனில் டீ குடிக்கும் மாணவர்கள் ஒரே நோயாளியைப் பற்றிச் சேர்ந்து பேசுவதற்குக் கால அட்டவணையில் எங்களுக்குத் தெரிந்து ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. பட்டம் தருவது ஒரே இடம் என்றாலும் பாடத்திட்டம் வேறு வேறு வாசலில் இருந்து வருகிறது: தேசிய மருத்துவ ஆணையம், செவிலியத்துக்குத் தனி, மருந்தியலுக்குத் தனி, இந்திய மருத்துவத்துக்குத் தனி, இயன்முறைக்கும் ஆய்வகத்துக்கும் 2021 சட்டத்தின் கீழ் இன்னொன்று. இவை அனைத்தும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கப் பாடம்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டம் மருத்துவர் ஒருவருக்கு ஐந்து கடமைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, 'சுகாதாரக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும்' இருப்பது. தலைவராக இருக்க எல்லாரும் விரும்புவார்கள். 'உறுப்பினர்' என்ற சொல்லைத்தான் கல்லூரிகள் வேகமாகத் தாண்டிப் போகின்றன. குழுவின் மற்ற உறுப்பினர்களை ஒரு நாளும் சந்திக்காத மாணவருக்கு இரண்டும் வராது.

இங்கேதான் ஒரு வழி திறந்திருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ராமநாதபுரத்துக்கு வந்தது. எத்தனையோ வருடம் எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடிய மாவட்டம் இது. அதே ஆண்டு, மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதல் ஆண்டிலேயே சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்ற திட்டத்தையும் ஆணையம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் அதில் மருத்துவ மாணவர் தனியாகப் போகிறார். எங்கள் முதல் கோரிக்கை இந்த ஒரு வரிதான்: குடும்பத்தைத் தத்தெடுப்பது ஒரு மாணவராக இருக்கக் கூடாது, ஒரு மாணவர் குழுவாக இருக்கட்டும்.

அந்தப் பிஸ்கட் டின் வீட்டுக்கே அப்படி ஒரு குழு போனால் என்ன நடக்கும் என்று எங்கள் உறுப்பினர்கள் யோசித்துப் பார்த்தார்கள். மருத்துவ மாணவர் ரத்த அழுத்தம் பார்த்துக் கண்ணைச் சோதிப்பார். மருந்தியல் மாணவி டின்னைக் கொட்டி, அட்டைகளைத் திருப்பிப் பார்த்து, அரை நிமிடத்தில் 'ஒரே மருந்து ரெண்டு பேர்ல இருக்கு' என்பார். செவிலியர் மாணவி 'சஹருக்கு எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, என்ன சாப்பிடுவீங்க?' என்று கேட்பார். கஞ்சி மட்டும்தான் என்று தெரியவரும். இயன்முறை மாணவர், உம்மா நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்று போவதும் அது அவருக்குத் தெரியாததும் கண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சொல்வார். இத்தனையும் ஒரே திண்ணையில், ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்க நடக்கும். நோன்பு வைப்பவர்களின் மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றுவது பற்றி நோன்புக்கு ஆறேழு வாரம் முன்பே, ரஜப் மாதத்திலேயே பேசியாக வேண்டும் என்பதும், சிலர் நோன்பு வைக்காமல் இருப்பதே நல்லது என்பதை யார் வாயால் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்பதும் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அங்கே நன்றாகப் புரியும்.

இன்னொரு எடுத்துக்காட்டு, கடல் பாம்பு. வலையைப் பிரிக்கும்போது கடிபடுபவர்கள் உண்டு. வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது; அதனாலேயே அலட்சியமாக விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, பிறகு கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்புக்கு அது கேட்காது. ஆகவே பிழைப்பது முழுக்க ஆட்களின் சங்கிலியைப் பொறுத்தது. படகில் கூட இருந்தவர் நேரத்தைச் சொல்ல வேண்டும், 108-ல் வரும் உதவியாளர் சிறுநீரின் நிறத்தைக் கேட்க வேண்டும், ஆய்வகத்தில் பொட்டாசியம் உடனே பார்க்க வேண்டும், டயாலிசிஸ் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இன்னொரு கண்ணியின் முகத்தைப் படிக்கும் காலத்திலேயே பார்த்திருந்தால் போனில் பேசும் தோரணையே வேறாக இருக்கும்.

மனநோய் தீர மக்கள் தேடிவரும் தர்கா உள்ள ஏர்வாடியையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அதன் பிறகுதான் தர்காவும் மனநல மருத்துவமும் எதிரெதிர் வாசல்கள் என்ற எண்ணம் மெல்ல மாறியது. மருந்தும் துஆ எனும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கட்டும் என்ற திட்டம் அங்கே வந்தது. 2017 மனநலச் சட்டமும் உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் என்று பல துறையினரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. இந்த மாவட்டத்தில் படிக்கும் மாணவர் எந்தத் துறையாக இருந்தாலும், ஏர்வாடிக்கு ஒரு நாள் குழுவாகப் போய் வராமல் படிப்பை முடிக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

எதிர்க்கருத்துகள் எங்களுக்குத் தெரியும். முதலாவது, இதற்குச் சான்று எங்கே என்பது. நியாயமான கேள்வி. கோக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் எடுத்துக்கொண்ட 15 ஆய்வுகளில் 7 நன்மை காட்டின, 4-ல் பலன் கலவையாக இருந்தது, 4-ல் பலன் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டுக் கூட்டுக் கல்வியைச் சர்வரோக நிவாரணியாக விற்க நாங்கள் தயாராக இல்லை. ஆனால் தனித்தனியாகப் படிக்கவைப்பதற்கு யாரும் சான்று கேட்டதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இரண்டாவது, கால அட்டவணை ஒத்துவராது என்பது. எம்.பி.பி.எஸ். நாலரை வருடமும் பயிற்சி மருத்துவர் ஆண்டும், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம் அதுவும் செமஸ்டர், டி.பார்ம் இரண்டு வருடம். உண்மைதான். முழுப் படிப்பையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு நாள், கல்லூரி வேன் ஒன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் ஒரே வண்டியில் கிராமத்துக்கு வருவது 2021-லிருந்து நடக்கிறது. வேலைக்கு வந்த பிறகு ஒரே வண்டியில் ஏறுகிறவர்கள் படிக்கும்போதும் ஏறலாம்.

மூன்றாவதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை: மரியாதை. மருத்துவ மாணவர் முதல் ஆண்டிலேயே 'சார்' ஆகிவிடுகிறார். முப்பது வருடம் பிரசவம் பார்த்த கிராம சுகாதார செவிலியர் கடைசி வரை 'ஏம்மா'தான். எங்கள் உறுப்பினர்களில் அப்படி ஓய்வுபெற்ற ஒருவர் சொன்னார்: "அவங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது நெறைய. அவங்க என்கிட்ட கத்துக்கிட்டதா சொன்னது ஒருத்தர்கூட இல்ல." ஆகவே வீட்டுப் பார்வையின்போது குழுவை நடத்துவது கிராம சுகாதார செவிலியராக இருக்கட்டும், மாணவர்களின் பதிவேட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் மதிப்பெண் கிடையாது என்று வைக்கட்டும். எங்கள் கோரிக்கைகளில் அதிக எதிர்ப்பு வரப்போவது இதற்குத்தான் என்று தெரிந்தே இதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

சித்த மருத்துவ மாணவர்களைச் சேர்ப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சூரணம் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொன்னால் திட்டு விழும் என்று மறைக்கிறார்கள், எதிரில் ஒரு சித்த மாணவர் உட்கார்ந்திருந்தால் மறைக்க மாட்டார்கள் என்பது பெரும்பான்மையோர் வாதம். குழப்பம்தான் கூடும் என்று இருவர் மறுத்தார்கள். அவர்கள் மறுப்பையும் சேர்த்தே இதை வெளியிடுகிறோம்.

ஒரு பழைய பாடமும் எங்கள் நினைவில் இருக்கிறது. 1977-ல் மருத்துவக் கல்வியைக் கிராமத்தின் பக்கம் திருப்ப ஒரு தேசியத் திட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அது மெல்லத் தேய்ந்துபோனது. தேர்வில் கேட்காததை மாணவரும் படிப்பதில்லை, ஆசிரியரும் நடத்துவதில்லை. மதிப்பெண்ணை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். அது உள்மதிப்பீட்டில் சிறு பங்காக இருந்தாலும் போதும். ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரியும், மாவட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள செவிலியர், மருந்தியல், இயன்முறைக் கல்லூரிகளும் சம்மதித்தால் முதல் இருபது குடும்பங்களிடம் பேசி ஒப்புதல் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. காலையில் வந்து பிரயோசனமில்லை; படகு கரை திரும்பி, நண்டு வலையிலிருந்து நண்டைக் கழற்றி, ஏலம் முடிய நேரமாகும். பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். வேனை ஈசிஆர் ஓரத்திலேயே நிறுத்திவிட்டுத் தெருவுக்குள் நடந்துதான் வர வேண்டும். டீ எங்கள் செலவு.