மாடிப்படிக்கு முதல் செலவு கைப்பிடி



போன சாரலில் எங்கள் வீட்டு வெளிப்படியில் வீட்டம்மா வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. பழைய ரெட் ஆக்ஸைடு படி. "டைல்ஸ் ஒட்டிருங்க சார், பளபளன்னு இருக்கும்" என்றார்கள். பளபளப்பில்தானே அவள் விழுந்தாள்?

நானே மூன்று வேலை செய்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்த்தேன். நன்றாகக் காயவிட்டு, படி விளிம்புகளில் சொரசொரப்புப் பட்டை ஒட்டினேன். அடிப்படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். கால் கணக்குத் தவறுவது அங்கேதான். அதன் முன் தரையைக் கான்கிரீட் போட்டு உயர்த்திச் சமமாக்கினேன். வீட்டுப் படியின் உயரம் 19 செ.மீ.யைத் தாண்டக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

டைல்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி போட்டாயிற்று. அதற்கு மட்டும் வெல்டர். அதில் நம் கைவரிசை வேண்டாம்.

குற்றாலம் மெயினருவியில் இளவட்டங்களே கம்பியைப் பிடித்துத்தான் குளிக்கிறார்கள். எழுபது வயது அம்மா இறங்குகிற படிக்கு மட்டும் கம்பி எதற்கு என்கிறோம்!

அடுத்த சாரலுக்குள் உங்கள் வீட்டுப் படியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.