பிளாப்பியை நாம் மறந்தோம், அது நம்மை மறக்கவில்லை

"சந்தேகமான புரோகிராமா? விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பாருங்கள், உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்குப் பலரும் தரும் யோசனை இது. சாப்ட்வேர் துறையில் இருப்பதால் நண்பர்கள் என்னிடமும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பாதி சரி என்பேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்தால், உங்கள் விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இயங்கும். அதில் லினக்ஸ் போடலாம், இன்னொரு விண்டோஸும் போடலாம். அதற்கும் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் உண்டு. ஆனால் எதுவும் நிஜமில்லை, எல்லாம் சாப்ட்வேர் போடும் வேஷம். சாப்ட்வேர் என்றால் பிழையும் இருக்கும் அல்லவா?

2015 மே மாதம் 'வெனம்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தவர் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர். க்யூஈஎம்யூ என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமில், பிளாப்பி டிரைவ் போல நடிக்கும் பகுதியில் அது இருந்தது. அதுவும் 2004 முதல்! பிளாப்பியைக் கண்ணால் பார்க்காதவர்கள் கம்ப்யூட்டர் வாங்கும் காலம் வரை அந்தப் பகுதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாப்பிக்கு வரும் கட்டளைகளை வாங்கி வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கட்டளை முடிந்ததும் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வர வேண்டும். இரண்டு கட்டளைகளில் மட்டும் அது சரியாக நடக்கவில்லை. தொடர்ந்து டேட்டாவை அனுப்பினால், இடம் நிரம்பிப் பக்கத்து மெமரியில் வழியும். அந்த மெமரி வெளியே உள்ள நிஜக் கம்ப்யூட்டருடையது. சாமர்த்தியசாலி ஒருவர் அதை வைத்தே வெளியே வந்துவிடலாம்.

இந்தப் பகுதியைப் பயன்படுத்திய ஸென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவை மாட்டிக்கொண்டன. விஎம்வேர், ஹைப்பர்-வி தப்பின. வேடிக்கை என்னவென்றால், ஸென், க்யூஈஎம்யூ இரண்டிலும் பிளாப்பி டிரைவை நீக்கினாலும், வேறொரு பிழையால் அந்தக் கோடு உள்ளே உயிரோடுதான் இருந்தது!

உள்ளே இருப்பவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இருந்தால்தான் இது முடியும் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். வீட்டு உபயோகத்தில் இது பெரிய சமாதானமே இல்லை. கிராக் செய்த புரோகிராம் அனுமதி கேட்டால், "சோதனைக்குத்தானே" என்று நாமே 'யெஸ்' கிளிக் செய்துவிடுகிறோமே!

அறிவிப்பு வந்தபோது இதை வைத்து யாரும் தாக்கியதாகத் தகவல் இல்லை. பேட்ச்சும் உடனே வந்தது. ஆனாலும் என் கோபம் வேறு. பத்தில் ஒருவர்கூடத் தொடாத சாதனங்களை எதற்காகச் சேர்த்துத் தர வேண்டும்? தேவைப்படுபவர் கேட்டுச் சேர்த்துக்கொள்ளட்டுமே. 2008-ல் விஎம்வேரின் ஷேர்டு போல்டர் வசதியிலும் ஓர் ஓட்டை தெரியவந்தது. உள்ளிருந்தே, நாம் ஷேர் செய்யாத பைல்களையும் எட்ட முடிந்தது.

லினக்ஸ் கற்றுக்கொள்ள விர்ச்சுவல் மெஷின் அருமையான வழி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். பேங்க் பாஸ்வேர்டு டைப் செய்யும் கம்ப்யூட்டரில், திருட்டு சாப்ட்வேரைச் சோதிக்க மட்டும் அதை நம்பாதீர்கள். விண்டோஸை அப்டேட் செய்வதுபோல விர்ச்சுவல்பாக்ஸையும் அப்டேட் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், பிளாப்பி கன்ட்ரோலர் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஷேர்டு போல்டரை வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.